சின்ன வீட்டுக்குக் குறைந்த செலவில் வைஃபை ரூட்டர் வாங்குவது எப்படி?

ஃபைபர் கனெக்ஷன் வந்துவிட்டது. ஹாலில் நெட் நன்றாக ஓடுகிறது, படுக்கையறைக்குள் போனால் வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கிறது. ரூட்டர் வாங்கக் கிளம்புகிறவர்களில் நிறையப் பேருடைய நிலைமை இதுதான். கடையில் ஆயிரம் ரூபாயிலிருந்து பதினைந்தாயிரம் வரைக்கும் பெட்டிகள் அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றின் மேலும் ஒரு பெரிய எண், நாலு ஆன்டெனா படம். எதை வைத்து முடிவு செய்வது என்று புரியாமல், கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததையோ இருப்பதிலேயே விலை அதிகமானதையோ வாங்கி வந்துவிடுகிறோம்.

இந்தக் கட்டுரை ஒன்றிரண்டு படுக்கையறை உள்ள, 500 முதல் 1,000 சதுர அடி வரையிலான வீட்டுக்கானது. நெட் பிளான் 30 முதல் 200 எம்பிபிஎஸ் வரை, வீட்டில் நாலைந்து பேர், போன், டிவி, லேப்டாப் எல்லாம் சேர்த்துப் பத்துப் பதினைந்து கருவிகள் என்று வைத்துக்கொள்வோம். அப்படிப்பட்ட வீட்டுக்கு 3,000 ரூபாய்க்கு மேல் செலவழிக்க வேண்டிய தேவை அநேகமாக வராது. சில வீடுகளில் ஒரு ரூபாய்கூடத் தேவைப்படாது. அதனால் கடைக்குப் போவதற்கு முன் வீட்டிலேயே ஒரு மணி நேரம் செலவிடுங்கள்.

முதலில், வீட்டில் இருக்கும் பெட்டியைப் பாருங்கள்

ஃபைபர் ஒயர் வந்து சேரும் பெட்டிக்கு ஓஎன்டி என்று பெயர். கண்ணாடி இழையில் ஒளியாக வரும் சிக்னலை நம் கருவிகளுக்குப் புரியும் சிக்னலாக மாற்றுவது அதன் வேலை. இப்போது கொடுக்கும் ஓஎன்டிகள் பெரும்பாலும் உள்ளேயே வைஃபையும் ரூட்டரும் சேர்ந்தவை. அதாவது உங்களிடம் ஏற்கெனவே ஒரு ரூட்டர் இருக்கிறது. நீங்கள் வாங்கப்போவது இரண்டாவது. அந்த இரண்டாவது தேவையா என்பதுதான் முதல் கேள்வி.

பெட்டியில் லாஸ் (LOS) என்று ஒரு விளக்கு இருக்கும். அது சிவப்பாக எரிந்தால் ஃபைபர் லைனிலேயே கோளாறு. எவ்வளவு விலை கொடுத்து ரூட்டர் வாங்கினாலும் அது சரியாகாது, கம்பெனிக்குத்தான் போன் போட வேண்டும்.

விளக்கெல்லாம் சரியாக இருந்தால் மூன்று இடங்களில் வேகத்தைச் சோதித்துப் பாருங்கள். ஒரு லேப்டாப்பை லேன் ஒயர் (கருவிகளை நேராக இணைக்கும் நெட் ஒயர்) மூலம் ஓஎன்டியில் செருகி ஒருமுறை. பிறகு அதே பெட்டிக்கு ஐந்தடி தூரத்தில் நின்று போனில் ஒருமுறை. கடைசியாக, நெட் வராத அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒருமுறை. ஸ்பீட் டெஸ்ட் செயலி எதுவானாலும் பரவாயில்லை, மூன்று இடத்திலும் ஒரே செயலியைப் பயன்படுத்துங்கள். அந்த நேரத்தில் டிவியில் படம் ஓட வேண்டாம்.

ஒயரிலேயே வேகம் குறைவாக வந்தால் அது கம்பெனியின் பக்கம். ஆனால் 100 எம்பிபிஎஸ் பிளானில் 94, 95 காட்டினால் அது குறைவு அல்ல. 100 எம்பிபிஎஸ் போர்ட்டின் (லேன் ஒயர் செருகும் துளையின்) உச்சமே அவ்வளவுதான். ஒயரிலும் பெட்டி பக்கத்திலும் நன்றாக வந்து, உள்ளறையில் மட்டும் படுத்துவிட்டால் பெட்டி இருக்கும் இடம்தான் பிரச்சினை. ஒயரில் நன்றாக வந்து, பெட்டி பக்கத்திலேயே வைஃபை 30, 40 என்று இழுத்தால் அந்தப் பெட்டியின் வைஃபை பழையது. இந்த மூன்றாவது வகை வீட்டுக்குத்தான் புது ரூட்டர் உடனடியாகப் பலன் தரும்.

இங்கே ஒரு சின்னக் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். எம்பிபிஎஸ் என்பது பிட் கணக்கு. கோப்பு டவுன்லோடு ஆகும்போது கணினி காட்டுவது பெரும்பாலும் பைட் கணக்கு. எட்டால் வகுத்தால் 100 எம்பிபிஎஸ் பிளானில் நொடிக்கு 12.5 எம்பி. "100 என்று சொன்னார்கள், 12தான் வருகிறது" என்று சண்டைக்குப் போக வேண்டாம்.

வாங்குவதற்கு முன் இடத்தை மாற்றிப் பாருங்கள்

கனெக்ஷன் கொடுக்க வருபவர், ஒயர் வீட்டுக்குள் நுழையும் ஜன்னல் பக்கத்திலேயே பெட்டியை ஆணி அடித்து மாட்டிவிட்டுப் போய்விடுவார். அவருக்கு அது சுலபம். அப்புறம் நாம் அதை டிவிக்குப் பின்னால் மறைக்கிறோம், அல்லது பார்க்க நன்றாக இல்லை என்று பரண்மேல் ஏற்றிவிடுகிறோம். வைஃபை சிக்னலுக்கு இதைவிடக் கெட்ட இடங்கள் இல்லை.

நம் ஊர் வீடுகளில் வெளிச்சுவர் ஒன்பது அங்குலச் செங்கல், நடுவில் கான்கிரீட் தூண்கள், மேலே கம்பி கட்டிய கான்கிரீட் கூரை. இரண்டு சுவரைத் தாண்டும்போதே சிக்னல் மிகவும் மெலிந்துவிடும். அதைவிட மோசமானது இரும்பு பீரோ. உலோகம் சிக்னலைத் தடுத்துத் திருப்பிவிடும். பெட்டிக்கும் உங்கள் கட்டிலுக்கும் நடுவில் ஒரு பீரோவோ ஃபிரிட்ஜோ நின்றால் அந்த அறையில் நெட் வராததில் ஆச்சரியமே இல்லை. ஆளுயரக் கண்ணாடி, மீன் தொட்டி, தண்ணீர் டிரம் இவையும் அப்படியே. தண்ணீர் இந்த அலைகளை நன்றாகவே உறிஞ்சும்.

பெட்டி வீட்டின் நடுவாக்கில், ஐந்தாறு அடி உயரத்தில், திறந்த இடத்தில் இருக்க வேண்டும். ஹாலும் உள்ளறையும் சந்திக்கும் வாசல் பக்கத்துச் சுவர் பல வீடுகளுக்குப் பொருந்தும். ஃபைபர் ஒயர் அவ்வளவு நீளம் இல்லை என்றால் கம்பெனிக்காரரிடம் நீட்டித் தரச் சொல்லிக் கேட்கலாம். நீங்களாக இழுக்காதீர்கள். உள்ளே இருப்பது கண்ணாடி, மடக்கினால் போச்சு.

ஃபைபரை நகர்த்த முடியாத வீட்டில் இன்னொரு வழி இருக்கிறது, அதுதான் எனக்குப் பிடித்த வழியும்கூட. ஓஎன்டி இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். அதிலிருந்து கேட் 5ஈ (Cat 5e) என்ற வகை லேன் ஒயரை, சுவர் ஓரமாகப் பிளாஸ்டிக் கேசிங்கில் இழுத்து, வீட்டின் நடுவில் புது ரூட்டரை வையுங்கள். கேட் 5ஈ ஒயர் 100 மீட்டர் வரை ஒரு கிகாபிட் வேகத்தைத் தாங்கும். நம் வீட்டுக்குப் பதினைந்து மீட்டர் இருந்தாலே தாராளம். சில நூறு ரூபாய்ச் செலவு. விலை கூடிய ரூட்டரை மூலையில் வைப்பதைவிட, சாதாரண ரூட்டரை நடுவில் வைப்பது பல மடங்கு மேல். இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டாலே பாதிப் பணம் மிச்சம்.

எவ்வளவு வேகம் வேண்டும் என்று கணக்குப் போடுங்கள்

நெட்ஃபிளிக்ஸ் தன் பயனாளர்களுக்குச் சொல்லும் அளவு: முழு எச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ், 4கே படத்துக்கு 15. வீடியோ கால், ஆன்லைன் வகுப்பு எல்லாம் அதற்குள்ளேயே அடங்கும். டிவியில் ஒரு 4கே படம், இரண்டு போனில் வீடியோ, ஒரு லேப்டாப்பில் ஆபீஸ் மீட்டிங் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினாலும் 30, 35க்குள் முடிந்துவிடும். 100 எம்பிபிஎஸ் பிளான் இந்த வீட்டுக்குப் போதும், மிச்சமும் இருக்கும். ரூட்டரையும் இந்தப் பிளானுக்கு ஏற்ப வாங்குங்கள். என்றைக்கோ எடுக்கப்போகும் 1,000 எம்பிபிஎஸ் பிளானை நினைத்து இன்றைக்குப் பணம் போட வேண்டாம்.

பெட்டியின் மேல் இருக்கும் எண்களைப் படிப்பது

புதியவர்கள் ஏமாறும் இடம் இதுதான். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஏசி1200 என்று போட்டிருந்தால் 1,200 எம்பிபிஎஸ் வரும் என்று அர்த்தம் இல்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 300, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 867, இரண்டையும் கூட்டி அடுத்த முழு நூறாக்கினால் 1,200. உங்கள் போன் சாதாரணமாக ஒரு நேரத்தில் ஏதாவது ஒரு அலைவரிசையில்தான் சேரும். இந்த 867ம் ஆய்வுக்கூடத்து உச்ச அளவு. வீட்டில் ஒரே அறையில் இருந்தாலே கையில் கிடைப்பது அதில் பாதியை ஒட்டித்தான் இருக்கும். அப்படியும் அது 200 எம்பிபிஎஸ் பிளானுக்கு மிகத் தாராளம்.

இந்த இரண்டு அலைவரிசைகளும் வெவ்வேறு குணம் கொண்டவை. 2.4 சுவரைத் தாண்டிக் கொஞ்சம் தூரம் போகும், வேகம் குறைவு. 5 வேகமானது, சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். ரூட்டரில் பெயருக்குப் பின்னால் 5ஜி என்று வருவது இந்த 5 கிகாஹெர்ட்ஸைத்தான். போன் சிம்மில் வரும் 5ஜிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

அடுக்குமாடி வீட்டில் 2.4ஐ மட்டும் நம்ப முடியாது. அந்த அலைவரிசைக்குள் சேனல்கள் என்று சின்னச் சின்னப் பாதைகள் உண்டு; அவற்றில் ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11 என மூன்றுதான். உங்கள் போனில் வைஃபை பட்டியலைத் திறந்து பாருங்கள். அக்கம் பக்கம் பத்துப் பதினைந்து பெயர் தெரிந்தால், அவ்வளவு பேரும் அந்த மூன்று சேனல்களுக்குள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கிறார்கள். போதாததற்கு மைக்ரோவேவ் அடுப்பும் புளூடூத்தும் இதே அலைவரிசை. ஆகவே என்300 என்று எழுதியிருக்கும், 2.4 மட்டுமே உள்ள மலிவு ரூட்டரை அப்பார்ட்மென்ட்டுக்கு வாங்காதீர்கள். இரண்டு அலைவரிசையும் உள்ள, டூயல் பேண்ட் என்று இருப்பதே வேண்டும். அதே நேரம், ஊரில் தனி வீடு, பக்கத்தில் வேறு வைஃபை கிடையாது, 30 எம்பிபிஎஸ் பிளான் என்றால் அந்த ஆயிரம் ரூபாய் என்300 போதும். அம்மா அப்பா இருக்கும் வீட்டுக்கு அதற்குமேல் செலவழித்து ஆகப்போவது ஒன்றும் இல்லை.

அடுத்தது, என் கணிப்பில் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது: பெட்டியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். போர்ட்களின் வேகம் 10/100 என்று இருக்கிறதா, 10/100/1000 அல்லது கிகாபிட் என்று இருக்கிறதா? நெட் உள்ளே வருவதே அந்தப் போர்ட் வழியாகத்தான். முன்பக்கம் 1,200 என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, பின்பக்கம் 100 போர்ட் வைத்த ரூட்டர்கள் கடையில் நிறைய இருக்கின்றன. உதாரணத்துக்கு டிபி-லிங்க் ஆர்ச்சர் சி50, ஆர்ச்சர் சி6 இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுமே ஏசி1200. ஆனால் சி50யில் 100 எம்பிபிஎஸ் போர்ட்கள், சி6ல் கிகாபிட் போர்ட்கள். உங்கள் பிளான் 100க்குள் என்றால் சி50 மாதிரி ரூட்டர் எந்தக் குறையும் வைக்காது. 150, 200 பிளானுக்கு அது போதாது, கட்டுகிற காசில் பாதிவரை வீணாகிவிடும். விலை வித்தியாசம் சில நூறு ரூபாய்தான் என்றால் கிகாபிட்டையே எடுங்கள் என்பேன். நாலைந்து வருடம் வைத்திருக்கப்போகும் பொருள், அதற்குள் பிளான் மாறலாம்.

ஆன்டெனா எண்ணிக்கையைக் கண்டு மயங்க வேண்டாம். நாலு ஆன்டெனா இருந்தால் பெரும்பாலும் இரண்டு 2.4க்கும் இரண்டு 5க்கும் என்று பிரிந்திருக்கும். ஆறு இருப்பதால் சிக்னல் ஆறு மடங்கு போய்விடாது. ரூட்டர் எவ்வளவு சக்தியுடன் ஒலிபரப்பலாம் என்பதற்கு அரசு வரம்பு இருக்கிறது, அது எல்லா நிறுவனத்துக்கும் ஒன்றே. அதோடு, ரூட்டர் பேசினால் மட்டும் போதாது, உங்கள் போனும் பதில் சொல்ல வேண்டும். போனின் சின்ன ஆன்டெனாவிலிருந்து கிளம்பும் மெல்லிய சிக்னல் ரூட்டருக்குப் போய்ச் சேரும் தூரம்தான் உண்மையான தூரம்.

வைஃபை 5, வைஃபை 6 என்பவை தலைமுறைகள். ஏசி என்று தொடங்கினால் 5, ஏஎக்ஸ் என்று தொடங்கினால் 6. வைஃபை 6க்கான சான்றிதழ் 2019ல் வந்தது. பல கருவிகள் ஒரே நேரத்தில் கேட்கும்போது அவற்றுக்கு நேரத்தைப் பங்கிட்டுக் கொடுப்பதில் இது கெட்டிக்காரத்தனமானது. ஆனால் முழுப் பலன் கிடைக்க போனிலும் வைஃபை 6 இருக்க வேண்டும். வீட்டில் இருப்பதெல்லாம் பழைய போன் என்றால் ஏசி1200 கிகாபிட்டே சரி. புதுப் போன்கள் என்றால், விலை 500, 700 ரூபாய்தான் கூடுகிறது என்றால், ஏஎக்ஸ்1500 வாங்கலாம். அதில் 5 கிகாஹெர்ட்ஸ் பக்கம் 1,201, 2.4 பக்கம் அதே பழைய 300. டிபி-லிங்க் ஆர்ச்சர் ஏஎக்ஸ்10 இந்த வகை. வைஃபை 6ஈ, வைஃபை 7 எல்லாம் இந்த அளவு வீட்டுக்கு, இந்த அளவு பிளானுக்கு வேண்டாம்.

தவறிப்போய் வாங்கக் கூடாத ஒன்றும் இருக்கிறது. மோடம் ரூட்டர் அல்லது டிஎஸ்எல் ரூட்டர் என்று எழுதியிருப்பது பழைய டெலிபோன் ஒயர் வழியாக வரும் பிராட்பேண்டுக்கானது. பின்னால் டெலிபோன் ஒயர் செருகும் சின்னத் துளை இருக்கும். ஃபைபர் வீட்டுக்கு அது வேண்டாம். சிம் போடும் 4ஜி ரூட்டரும் வேறு பொருள். ஆன்லைனில் தேடும்போது இவை எல்லாம் கலந்துதான் வரும்.

வாங்கும்போது

100 எம்பிபிஎஸ் போர்ட் உள்ள டூயல் பேண்ட் ரூட்டர் 1,500 ரூபாயை ஒட்டியும், கிகாபிட் போர்ட் உள்ளது 2,000, 2,500 என்றும், ஏஎக்ஸ்1500 அதற்குச் சற்று மேலேயும் கிடைக்கும். விலை ஏறி இறங்கும் பொருள் என்பதால் இரண்டு ஆன்லைன் தளத்தில் பார்த்துவிட்டு, சென்னையில் இருப்பவர்கள் ரிச்சி தெருவிலும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். பெட்டியில் இந்திய வாரண்டி இருக்கிறதா, எத்தனை வருடம் என்று பார்த்து, பில் கட்டாயம் வாங்குங்கள். டிபி-லிங்க், டி-லிங்க், டெண்டா என்று எந்த பிராண்டாக இருந்தாலும் ஒரே மாடல் பெயரில் பல வெர்ஷன்கள் வரும். வெர்ஷனுக்கு வெர்ஷன் உள்ளே இருப்பது மாறலாம். அட்டைப்பெட்டியில் இருக்கும் வெர்ஷன் எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் போர்ட் வேகத்தை உறுதி செய்துகொள்ளுங்கள்.

இணைக்கும்போது

ஓஎன்டியைக் கழற்றி வைத்துவிட்டுப் புது ரூட்டரை மாட்ட முடியாது. ஃபைபர் ஒயர் சாதாரண ரூட்டரில் செருகாது. ஓஎன்டியின் லேன் போர்ட்டிலிருந்து ஒரு ஒயர் கிளம்பிப் புது ரூட்டருக்கு வர வேண்டும். லேண்ட்லைன் போன் வைத்திருப்பவர்களுக்கு அந்த போனும் ஓஎன்டியில்தான் ஓடும்.

இணைக்க இரண்டு வழி. எளிதானது, புது ரூட்டரை ஆக்சஸ் பாயிண்ட் மோடில் போடுவது. இதில் எல்லாக் கணக்கு வழக்கையும் ஓஎன்டியே பார்த்துக்கொள்ளும், புது ரூட்டர் வைஃபையை மட்டும் கொடுக்கும். ரூட்டரின் செயலியிலோ அமைப்புப் பக்கத்திலோ ஒரே ஒரு தேர்வுதான். புதியவர்கள் இதையே எடுங்கள். இன்னொன்று, கம்பெனியிடம் சொல்லி ஓஎன்டியை பிரிட்ஜ் மோடுக்கு (சிக்னலை மாற்றிக் கொடுப்பதோடு நிற்கும் முறைக்கு) மாற்றி, நெட்டில் நுழைவதற்கான பிபிபிஓஇ (PPPoE) யூசர் பெயரும் பாஸ்வேர்டும் வாங்கிப் புது ரூட்டரில் போடுவது. வெளியிலிருந்து சிசிடிவி பார்ப்பவர்களுக்கும் சில ஆன்லைன் விளையாட்டுகளுக்கும் இது உதவும். எல்லாக் கம்பெனியும் இதற்கு ஒத்துக்கொள்ளாது, முன்கூட்டியே கேளுங்கள். இரண்டு வழியிலும் ஓஎன்டியின் பழைய வைஃபையை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் போன் பழைய பெயரையே பிடித்துக்கொண்டு நிற்கும்.

இணைத்த அன்றே செய்ய வேண்டியவை சில. ரூட்டரின் அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள், இது வைஃபை பாஸ்வேர்டு அல்ல, வேறு. பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 என்று இருக்கட்டும். பட்டனை அழுத்தியோ பின் எண்ணைப் போட்டோ பாஸ்வேர்டு இல்லாமல் சேரவிடும் டபிள்யூபிஎஸ் (WPS) என்பதை அணைத்துவிடுங்கள். ஃபர்ம்வேர் (ரூட்டருக்குள் இருக்கும் மென்பொருள்) அப்டேட் இருந்தால் போட்டுவிடுங்கள். 2.4ல் சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் என்றும், சேனலை 1, 6, 11ல் கூட்டம் குறைவான ஒன்றாகவும் வையுங்கள். ஸ்மார்ட் பல்பு, ஸ்மார்ட் பிளக் போன்றவை பெரும்பாலும் 2.4ல் மட்டுமே சேரும். அவை சேர அடம்பிடித்தால் இரண்டு அலைவரிசைக்கும் தனித்தனிப் பெயர் கொடுத்துப் பாருங்கள்.

இதற்குப் பிறகும் ஒரு அறை மட்டும் ஒத்துழைக்கவில்லை என்றால் வைஃபை சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும், சுவரில் செருகும் ரிப்பீட்டரை உடனே வாங்கிவிடாதீர்கள். மலிவான ரிப்பீட்டர் வாங்குவதும் கொடுப்பதும் ஒரே அலைவரிசையில் என்பதால் வேகம் பாதிக்குப் பாதி குறையும். வீட்டில் பழைய ரூட்டர் சும்மா கிடந்தால் அந்த அறைக்கு ஒரு லேன் ஒயர் இழுத்து, அதை ஆக்சஸ் பாயிண்டாகப் போடுங்கள்.

கரண்ட் போகும்போது நெட்டும் போகக் கூடாது என்பவர்களுக்கு ரூட்டருக்கென்றே சின்ன யூபிஎஸ் கிடைக்கிறது. வாங்குவதற்கு முன் ஓஎன்டி, ரூட்டர் இரண்டின் அடாப்டரிலும் 9 வோல்ட்டா 12 வோல்ட்டா, எத்தனை ஆம்பியர் என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வோல்ட் மாறிச் செருகினால் கருவி கெட்டுவிடலாம். இரண்டு பெட்டியும் ஓடினால்தான் நெட் வரும், அதனால் இரண்டுக்கும் சேர்த்துத்தான் யூபிஎஸ் பார்க்க வேண்டும். கேபிள்காரர் மொட்டை மாடி வழியாக லேன் ஒயரில் நெட் கொடுத்திருந்தால், இடி மின்னல் நேரத்தில் அந்த ஒயரை ரூட்டரிலிருந்து கழற்றி வையுங்கள். செம்பு ஒயர் வழியாக வரும் மின்னதிர்ச்சி முதலில் போர்ட்டைத்தான் காலி செய்யும்.

எல்லாம் முடிந்த பிறகு, முதலில் செய்த வேகச் சோதனையை அதே மூன்று இடங்களில் அதே செயலியில் இன்னொரு முறை செய்யுங்கள், அதுவும் அக்கம் பக்கத்தில் எல்லோரும் நெட் பார்க்கும் இரவு எட்டு, ஒன்பது மணிக்கு. ஆன்லைனில் வாங்கியிருந்தால் மாற்றித் தர ஏழு நாளோ பத்து நாளோதான் கொடுப்பார்கள். உள்ளறையில் எதிர்பார்த்தது வரவில்லை என்றால் அதற்குள் ரூட்டரின் இடத்தை மாற்றிப் பார்த்து, அப்போதும் சரிப்படாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அட்டைப்பெட்டியையும் உள்ளே இருந்த கவர்களையும் அந்த நாள் தாண்டும் வரை தூக்கிப் போடாதீர்கள்.